அயலார் அடுப்பு

மார்கழி, தை மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஒருவன் போர்வையை உதறி எழுகிறான் என்றால், ஒன்று அவன் பக்திமானாக இருக்க வேண்டும். அல்லது பசித்தவனாக இருக்க வேண்டும். நாம் முதல் வகையைச் சேர்ந்தவரல்லோம் என்பதை நம் இல்லத்தார் நன்கறிவர். வீட்டில் புலால் புழங்காத குடும்பத்தில் பிறந்தும், வெளியே அந்த நியமத்தைக் காக்கத் தவறிய குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து, லால்பஜார் காவல் தலைமையகத்தைத் தாண்டி, போத்தார் கோர்ட் கட்டடத்தின் பின்புறமாக நடந்தால் டிரெட்டி பஜார் வந்துவிடும். ஆறு மணிக்கு அங்கே பனிமூட்டம் எது, அடுப்பிலிருந்து எழும் ஆவி எது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

டிரெட்டி என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கு வாழ்ந்த ஓர் இத்தாலியர். அவர் பெயரைத் தாங்கிய சந்தையில் வங்காளியரும் பீகாரியரும் காய்கறி விற்க, தெருவோரத்தில் சீனர்கள் காலைச் சிற்றுண்டி விற்கின்றனர். இதுதான் கல்கத்தா. (2001 முதல் இந்நகரின் பெயர் கொல்கத்தா என்றாயிற்று, ஆனால் இக்கட்டுரையில் வருவன பெரும்பாலும் பழைய செய்திகளாதலால் பழைய பெயரையே சொல்லிக்கொண்டு போகிறோம்.) அலுமினியப் பாத்திரங்களிலும் மூங்கில் தட்டுகளிலும் வெண்மையாகப் பூத்திருக்கும் 'பாவ்', இறைச்சி பொதிந்த 'சுமாய்', மீன் உருண்டை மிதக்கும் சூப்பு, எள் ஒட்டிய உருண்டைகள். எட்டரை மணிக்கெல்லாம் எல்லாம் தீர்ந்து, பாத்திரங்களைக் கழுவி ஊற்றிய நீர் மட்டும் சாக்கடையில் ஓடிக்கொண்டிருக்கும். விற்பவர்களில் சீன முகங்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. பல தட்டுகளுக்குப் பின்னால் இப்போது நிற்பவர்கள் பிறர்.

முதன்முறை அங்கே சென்றபோது நம்மை நிறுத்தியது இறைச்சி அன்று. ஒரு மூதாட்டி தம் கூடையிலிருந்து இலையில் சுற்றிக் கட்டிய ஒரு பொருளை எடுத்துப் பிரித்தார். உள்ளே பசையுள்ள அரிசியும் பாசிப்பருப்பும் ஒன்றாய் வெந்து இறுகியிருந்தன. இலை வெந்த மணம் மூக்கில் ஏறியது. திருநெல்வேலிச் சீமையில் கார்த்திகைத் தீபத்தன்று பனையோலைக்குள் மாவை அடைத்து அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டையை அறிந்தவர்களுக்கு அந்த மணத்தை விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்களுக்கு எவ்வளவு விளக்கினாலும் போதாது. அன்று முதல் அவர் நமக்கு 'மாசி' ஆனார். வங்காளியில் மாசி என்றால் சிற்றன்னை. அவர் நம்மை 'தாதா' என்பார். அண்ணன் என்று பொருள். வயதில் நம்மினும் முப்பது ஆண்டு மூத்தவர் நம்மை அண்ணா என்று அழைப்பது இந்நகரத்து மரியாதை.

இந்தியச் சீனர்களின் வரலாறு அச்சியூ என்பவரிலிருந்து தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் பட்ஜ்பட்ஜுக்கு அருகே ஹூக்ளிக் கரையில் நிலம் பெற்றுக் கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை நிறுவியவர். அவர் பெயரால் அவ்வூர் இன்றும் அச்சிப்பூர் எனப்படுகிறது. ஆற்றங்கரையில் குதிரைலாட வடிவில் செந்நிறக் கல்லறை ஒன்று உண்டு. சீனப் புத்தாண்டையொட்டி இங்குள்ள சீனக் குடும்பங்கள் அங்கே சென்று படையலிட்டு வருகின்றன. அவர் சர்க்கரை காய்ச்சியதால்தான் சர்க்கரைக்குச் 'சீனி' என்ற பெயர் வந்தது என்று இங்கே சிலர் சொல்வதுண்டு. அது பிழை, அவருக்கு முன்பே அச்சொல் வழங்கிற்று. ஆயினும், சீனாச் சட்டியை அடுப்பில் ஏற்றி, சீனியை அள்ளிப் போட்டு, பீங்கான் தட்டில் பலகாரம் வைத்துக்கொண்டு வளர்ந்த நமக்கு, சீனா என்ற நாடு நம் அடுக்களையில் இவ்வளவு காலம் குடியிருந்தது அதுவரை தோன்றவேயில்லை.

அச்சியூவுக்குப் பின் வந்தவர்கள் ஊருக்கொரு தொழிலாகப் பிரிந்து நின்றனர். காண்டன் பகுதியினர் தச்சர். ஹூபே மாநிலத்தவர் பல் மருத்துவர். ஹக்கா மக்கள் தோல் பதனிடுவோரும் காலணி தைப்போரும். இதைக் கேட்டு நாம் வியக்க வேண்டியதில்லை. தென்னிந்தியன் என்றால் சுருக்கெழுத்தும் தட்டச்சும் அறிந்தவன் என்று இந்நகரம் நம்மை ஒரு காலத்தில் அடையாளம் கண்டதை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதலில் வந்தவன் என்ன தொழிலில் நுழைந்தானோ, அவன் மைத்துனனும் அவன் ஊர்க்காரனும் அதே வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள்.

நம் தந்தையார் அவ்வாறு வந்தவரே. 1959 இல், பத்தொன்பது வயதில், மைய அரசு அலுவலகம் ஒன்றில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தார். மூன்று வேட்டி, இரண்டு சட்டை, ஒரு ஜோடிச் செருப்பு. அலுவலகத்திற்குப் பூட்சு அணிந்துதான் வர வேண்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டதால், முதல் மாதச் சம்பளத்தில் பென்டிங்க் தெருவில் ஒரு சீனர் கடைக்குச் சென்றார். அங்கே வரிசையாகச் சீனர் காலணிக் கடைகள் இருந்த காலம். கடைக்காரர் அவரை ஒரு தாளின்மேல் நிற்க வைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, ஓரத்தில் சீன எழுத்தில் ஏதோ எழுதி, ஒரு கட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டாராம். "என் பெயரைச் சீன எழுத்தில் எழுதிய ஒரே மனிதர் அவர்தான்" என்று தந்தையார் பின்னாளில் சொல்வார்.

இருவருக்கும் தெரிந்த பொதுமொழி இந்தி; இருவருக்கும் அது சரியாகத் தெரியாது. ஆகவே நட்பு எளிதாயிற்று. கடைக்கு மேலே குடியிருப்பு. மாடிக் கைப்பிடிச் சுவரில் கடைக்காரர் மனைவி ஏதோ கீரையைக் கயிற்றில் தொங்கவிட்டும், முறத்தில் பரப்பியும் உலர்த்திக்கொண்டிருப்பதைத் தந்தையார் கண்டார். கடுகுக் கீரை. அதை உப்பிட்டு வாட்டி, புளிக்க வைத்து, மீண்டும் மீண்டும் வெயிலில் காயவைத்து, கருத்துச் சுருங்கியதும் சாடியில் அடைத்து வைப்பர். பன்றி இறைச்சியோடு சேர்த்து வேகவைப்பது ஹக்கா வீடுகளின் பெருமைக்குரிய சமையல். "நம் வற்றல்!" என்று தந்தையார் தமிழிலேயே கூவிவிட்டாராம். அந்த ஆண்டுத் தீபாவளிக்கு ஊரிலிருந்து பாட்டி அனுப்பிய முறுக்கு டின்னில் பாதியை அந்தக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். சீனப் புத்தாண்டன்று டின் திரும்பி வந்தது, ஆரஞ்சுப் பழங்களோடு. 1960 இலும் இவ்வாறே. 1961 இலும் இவ்வாறே.

1962 அக்டோபர் 20 இல் போர் மூண்டது. தீபாவளி அம்மாத இறுதியில் வந்தது.

அக்காலத்தில் நடந்தவற்றைப் பாடநூல்களில் நாம் படித்ததில்லை. சீன வழியினர் என்ற ஒரே காரணத்திற்காக, இந்நாட்டில் பிறந்தவர்கள் உட்பட ஏறத்தாழ மூவாயிரம் பேர், பெரும்பாலும் அசாமிலிருந்தும் வட வங்கத்திலிருந்தும், குழந்தை குட்டிகளோடு ரயிலேற்றப்பட்டு, ராஜஸ்தானத்துத் தேவுளி முகாமில் அடைக்கப்பட்டனர். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. கடைசியாக இருந்தவர்கள் வெளிவந்தது 1967 இல். கல்கத்தாவிலிருந்தவர்கள் காவல் நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். ஊரை விட்டுச் செல்ல அனுமதி பெற வேண்டும். இன்னொரு செய்தி நமக்கு நெடுநாள் தெரியாமலிருந்தது. 1963 இல் சீனா அனுப்பிய கப்பல்கள் முகாமிலிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றது நம் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான். தேயிலைத் தோட்டத்து அசாமில் பிறந்து, அசாமிய மொழி பேசி வளர்ந்த பிள்ளைகள், தாம் அறியாத ஒரு 'தாய்நாட்டுக்கு'ச் சென்னைக் கடலைப் பார்த்தபடி கப்பலேறினர்.

தந்தையாருக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. எந்த நேரமும் போலீஸ் விசாரணை வரலாம். சீனர் கடையில் நின்று பேசுவதை யாரேனும் கண்டு அலுவலகத்தில் சொல்லிவிட்டால்? அடித்தோல் மாற்றுவதற்காக அவர் கொடுத்திருந்த பூட்சு அந்தக் கடையில்தான் இருந்தது. அதை வாங்க அவர் போகவில்லை. பென்டிங்க் தெரு வழியே போக நேர்ந்தால் எதிர்ப்பக்க நடைபாதையில் போனார். ஒருமுறை கடைக்காரர் வாசலில் நின்றிருந்தார். பார்த்தாரா என்பது தெரியாது.

"அந்த வருஷம் முறுக்கை மெஸ்ஸில் நாங்களே தின்று தீர்த்தோம்" என்றார் தந்தையார். இதை அவர் நம்மிடம் சொன்னது ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, ஒரு தீபாவளிக்கு மறுநாள். அதற்குமுன் அம்மாவிடமும் சொன்னதில்லை.

1967 இல் ஒருநாள் துணிந்து அந்தக் கடைக்குச் சென்றிருக்கிறார். வேறொருவர் இருந்தார். பழையவர் எங்கே என்று கேட்க வாய் வரவில்லையாம். கேட்டிருந்தால் ஒரு பதில் கிடைத்திருக்கும்; அந்தப் பதிலைக் கேட்கும் தைரியம் இருக்கவில்லை. அதன்பின் தந்தையார் பூட்சு அணிந்து நாம் பார்த்ததில்லை. பாட்டா செருப்போடுதான் பணிக்காலம் முழுவதும் கழித்தார். கால் வெடிப்புக்காக என்று நாம் எண்ணியிருந்தோம்.

அவரைக் குறை கூற நமக்குத் தகுதி இல்லை. நாமும் அரசு எழுத்தரே. கோப்பில் ஒரு வரி ஏறிவிடுமோ என்ற அச்சம் என்ன செய்யும் என்பதை அறிவோம். ஆயினும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்: அச்சுறுத்தியது சட்டம் மட்டுமன்று, தெருவின் எதிர்ப்பக்கத்தில் நடந்த அண்டை அயலாரும்தான்.

அதன்பின் இந்நகரத்துச் சீனர்கள் ஒருவர் பின் ஒருவராய் ஊரை விட்டுப் போகத் தொடங்கினர். இருபதாயிரத்துக்கும் மேலிருந்தவர்கள் இன்று இரண்டாயிரம் பேர் இருந்தாலே அதிகம் என்பர். கனடா, ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, சுவீடன் என்று சிதறினர். 1996 இல் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளை நகரை விட்டு அகற்ற ஆணையிட்டதும், தாங்ராவில் எஞ்சியிருந்த தொழிலும் பான்தலாவுக்குப் போயிற்று. போகாதவர்களில் பலர் தொழிற்சாலை இருந்த இடத்திலேயே உணவகம் வைத்தனர். தோல் காய்ந்த முற்றங்களில் இன்று மேசை நாற்காலிகள். இந்தியாவில் அச்சான கடைசிச் சீன நாளிதழும் தாங்ராவிலிருந்து வந்ததே. 1969 இல் தொடங்கி 2020 இல் நின்றுபோயிற்று. (ஆண்டுக்கொரு மலர் கொண்டுவரவே நம் சங்கத்தார் படும் பாட்டைக் காண்பவர்களுக்கு, நாள்தோறும் ஓர் இதழ் ஐம்பதாண்டு வந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.)

அவர்கள் பிறருக்கு விற்ற உணவு ஒன்று. வீட்டில் உண்ட உணவு வேறொன்று. பச்சை மிளகாயும் வெங்காயமும் சோயா சாறும் சோளமாவும் சேர்ந்து இந்தியரின் நாவுக்கென்றே உருவான சமையல்தான் இன்று நாடெங்கும் 'சைனீஸ்' எனப்படுகிறது. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்னும் சீனர் 1975 இல் பம்பாயில், கிரிக்கெட் கிளப்பில், இஞ்சி பூண்டு பச்சை மிளகாயோடு ஆக்கியதே 'மஞ்சூரியன்' என்பர். மஞ்சூரியாவுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இன்று அது காலிஃபிளவராக உருமாறி நம் பாளையங்கோட்டைப் பேருந்து நிலைய வாசலில் தள்ளுவண்டியில் வறுபடுகிறது. அத்தள்ளுவண்டியின் பலகையில் உள்ள 'ஹக்கா நூடுல்ஸ்' என்பதில் ஹக்கா ஒரு மக்களின் பெயர் என்று வறுப்பவருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது. 'விருந்தாளிக் குடிகள்' என்பது அச்சொல்லின் பொருள். வட சீனத்திலிருந்து பல நூற்றாண்டுகளாகத் தெற்கே பெயர்ந்து, பிறர் நிலத்தின் ஓரங்களில் குடியேறியவர்களுக்கு, முன்பே இருந்தவர்கள் இட்ட பெயர். நம் மொழியிலும் விருந்து என்பதற்குப் புதுமை, புதிதாய் வந்தவர் என்பதே பழம்பொருள். ஆனால் நாம் அதைச் சோறாக்கிக்கொண்டோம்.

வீட்டு உணவைப் பற்றி மாசிதான் நமக்குச் சொன்னார். அவர் வீடு தாங்ராவில்; மாத்தேஸ்வர்தலா தெருவில் சீனர் கட்டிய காளி கோயிலுக்கு அருகே. அக்கோயிலில் நூடுல்ஸும் சாப் சூயியும் நைவேத்தியமாவது பலர் அறிந்ததே. படம் எடுக்க வருவோர் கூட்டத்தைக் கண்டு மாசிக்குச் சிரிப்பு. "காளி இங்கே இருக்கிறாள், நாங்கள் என்ன சாப்பிடுகிறோமோ அதைத்தானே அவளுக்கும் கொடுப்போம்?" என்றார்.

அன்று அவர் டோஃபு என்னும் சோயாக் கட்டியின் நடுவே குழி செய்து, பூரணம் வைத்து வாட்டிக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு கதை சொன்னார். ஹக்கா மக்களின் முன்னோர் வடக்கே கோதுமை மாவில் பூரணம் பொதிந்து உண்டவர்கள். தெற்கே வந்தபோது கோதுமை இல்லை. மாவு இல்லாவிட்டால் என்ன என்று, அங்கே கிடைத்த டோஃபுவுக்குள் அந்தப் பூரணத்தை வைத்தார்கள். வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்பார்களோ மாட்டார்களோ, ஹக்கா வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை இது.

கேட்டுக்கொண்டிருந்தபோது நம் வீட்டு நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. கல்கத்தா வந்த புதிதில் அம்மாவுக்கு நம் ஊர்ப் பச்சரிசி கிடைக்காமல், கோபிந்தபோக் அரிசியில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். மண்டை வெல்லத்துக்குப் பதில் குளிர்காலத்தில் இங்கு வரும் ஈச்ச வெல்லம், நலேன் குட். "ஏதோ பொங்கல் மாதிரி ஒன்று" என்று ஆண்டுதோறும் குறைபட்டுக்கொண்டே செய்வார். சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். முற்றத்தில் புதுப்பானை, ஓலைத் தீ, கரும்பு, எல்லாம் முறைப்படி. நம் மகன் ஒரு வாய் உண்டு, இலையைத் தள்ளி வைத்துவிட்டு, "இது நிஜப் பொங்கல் இல்லை, வாசனையே இல்லை" என்றான். சுற்றியிருந்த பெரியம்மாக்கள் முகம் போன போக்கைக் காண வேண்டுமே! அன்று அவன்மீது கோபம் வந்தது. மாசியின் கதையைக் கேட்டபோது அக்கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மாசியின் இரு மகன்களும் டொராண்டோவில். அங்கே கல்கத்தா ஹக்காக்கள் நடத்தும் உணவகங்கள் நிறைய உண்டு. சீனாவிலிருந்து நேரே வந்த சீனர்களுக்கு அந்தச் சில்லி சிக்கன் புரிவதில்லையாம். இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் வந்து உண்கிறார்களாம். மகன்கள் தொலைபேசியில் அம்மாவிடம் கேட்பது உலர்த்திய கீரையை அன்று. கல்கத்தாவில் பௌ சோங் நிறுவனத்தார் செய்யும் பச்சை மிளகாய்ச் சாறு. யாராவது ஊருக்கு வந்து திரும்பும்போது நான்கு புட்டி கொடுத்தனுப்பச் சொல்கிறார்கள். "அவர்களுக்கு ஊர் என்றால் அந்தப் புட்டிதான்" என்றார் மாசி. கீரை உலர்த்துவது இத்தெருவில் இப்போது அவரும் இன்னொருவரும் மட்டுமே. யாருக்காக என்று கேட்டோம். கேட்டிருக்கக் கூடாது. சற்று நேரம் டோஃபுவைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வெயில் அடிக்கிறதே, சும்மா எப்படி இருப்பது?" என்றார்.

புறப்படும்போது ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் அந்தக் கருத்த கீரையை நிறைத்துக் கொடுத்தார். தந்தையார் 2019 இல் காலமாகிவிட்டார். இருந்திருந்தால் அந்தப் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்க்கக் கொடுத்திருப்போம். அம்மா முதலில் அதைத் தொடவேயில்லை. இறைச்சிப் பண்டம் அன்று, வெறும் கீரையும் உப்பும்தான் என்று சத்தியம் செய்து கொடுத்தபின், மூன்று முறை அலசி, நல்லெண்ணெயில் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, வற்றல் குழம்பாகவே வைத்துவிட்டார். அப்படியொரு குழம்பு தென்பாண்டிச் சீமையிலும் இராது, சீனத்திலும் இராது. நம் மகன் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டான். அம்மா மட்டும், உப்பு தூக்கல் என்றார்.

பாட்டிலை வெறுமனே திருப்பித் தரலாகாது என்பது நம் வீட்டு வழக்கம். ஊரிலிருந்து வந்த மணத்தக்காளி வற்றலை அதில் நிறைத்து, மேலே ஒரு காகிதப் பொட்டலத்தில் பத்து முறுக்கும் வைத்து, அம்மா கொடுத்தனுப்பினார். அடுத்த ஞாயிறு முதல் பேருந்தில் மீண்டும் டிரெட்டி பஜார். கூட்டம் சற்று ஓய்ந்ததும் பாட்டிலை மாசியிடம் நீட்டினோம். முறுக்கை அவர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல ஒதுக்கி வைத்துவிட்டு, மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒன்றிரண்டை உள்ளங்கையில் கொட்டி விரலால் நசுக்கினார். பிறகு, விலை பேசும் ஒருவரின் கண்டிப்போடு நம்மைப் பார்த்துக் கேட்டார்:

"எத்தனை நாள் வெயில், தாதா?"